படைச் சுழல் துப்பாக்கியின் காலத்தைத் துணியும் முறை

பழம்பொருளொன்றின் மீது ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பின் அதன் காலம் தெளிவாகிவிட்டதென்று கருதுவது மக்கள் இயல்பு. நாணயத்திற்கு இது பெரும்பாலும் பொருந்தும். றிவோல்வர் என வழங்கும் சுழல் துப்பாக்கிக்கோ பல வேளைகளிற் பொருந்துவதில்லை. அமெரிக்காவிற் கோல்ற் நிறுவனத்தார் 1860 ஆம் ஆண்டிற் படையினர்க்கென வெளியிட்ட துப்பாக்கியை நோக்குக. அதன் உருளையின் மீது 1843 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அதே உருளையில் 1850 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆம் நாள் என மற்றொரு திகதியுங் காணப்படும். முன்னையது தெக்சாசு நாட்டுக் கடற்படை மெக்சிக்கோவின் கடற்படையொடு கம்பீச்சேக்கு அண்மையிற் பொருத நாள். அப்போர்க் காட்சியையே உருளையைச் சுற்றிப் பொறித்து அணிசெய்தனர். பின்னையது காப்புரிமை பெற்ற நாள். துப்பாக்கி செய்யப்பட்ட ஆண்டு இவ்விரண்டுமன்று. அதனைத் துப்பாக்கியின் தொடரிலக்கத்தைக் கொண்டே அறிதல் வேண்டும். இம்மாதிரி 1873 ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. ஆகவே உருளையின் முதல் திகதியை நம்பியவன் முப்பது ஆண்டுவரை பிழைபடக் கூடும்.

இப்பிழை எவ்வாறு நேர்கின்றது? ஒரு படைக்கலத்தின் மீதுள்ள எழுத்துக்களெல்லாம் ஒரே கையால் ஒரே நாளிற் பொறிக்கப்பட்டவையென எண்ணுவதாலேயே நேர்கின்றது. செய்தவன் ஒரு குறியை இடுகின்றான். வலிமையைச் சோதித்தவன் வேறொன்றை இடுகின்றான். அரசு தன் உடைமையென்பதற்கு ஒன்று, படைப்பிரிவு தன் கணக்கிற்கு ஒன்று, திருத்திய தொழிற்சாலை ஒன்று, விற்றொழித்த அதிகாரி ஒன்று என அவை காலந்தோறும் ஏறிக்கொண்டே வந்தவை. பழைய கோயிலொன்றிற் கருவறையின் அடித்தளம் ஒரு காலத்தது, மண்டபம் ஒரு காலத்தது, கோபுரம் பிறிதொரு காலத்தது என்று பிரித்தறிபவர் போல, இக்குறிகளையும் அடுக்கடுக்காகப் பிரித்து நோக்குவதே முறை. இம்முறை எவ்வாறு தொழிற்படுகின்றதென்பதற்குப் பிரித்தானியப் படையின் வெப்லித் துப்பாக்கியை விடச் சிறந்த சான்று கிடைப்பதரிது.

பிரித்தானியப் படை 1856 ஆம் ஆண்டிற் போமண்ட்-அடம்சு என்னுஞ் சுழல் துப்பாக்கியை ஏற்றது. 1880 ஆம் ஆண்டில் அரசினர் தம் என்பீல்ட் தொழிற்சாலையின் ஆக்கத்தைப் படைக்கு வழங்கினர். அது நற்பெயர் பெறவில்லை. சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியேற்றுவதற்குக் குழலைத் தாழ்த்தினால் உருளை முன்னோக்கி நகரும்; ஆயினுங் கீழுள்ள கூடு விழாது சிக்கிக்கொள்ளுதல் உண்டு. போர்க்களத்தில் இக்குறை சிறிதன்று. அதனால் 1887 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் பேர்மிங்ஹாம் நகரத்து வெப்லி நிறுவனத்தாரின் துப்பாக்கி படைக்கு ஏற்கப்பட்டது. முதல் ஒப்பந்தம் 10,000 துப்பாக்கிகளுக்கு. ஒன்றின் விலை 3 பவுண் 1 சிலிங் 1 பென்சு. இதன் சட்டகம் நடுவில் முறிந்து திறக்கும். கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்திக் குழலைத் தாழ்த்தினால், உருளையின் நடுவிலிருந்து விண்மீன் வடிவினதோர் உறுப்பு எழுந்து ஆறு கூடுகளையும் ஒருங்கே வெளித்தள்ளும். கையிற் கிடைத்த துப்பாக்கி இவ்வாறு திறக்கின்றதா, உருளை பக்கவாட்டில் வெளிவருகின்றதா, அன்றி எதுவுந் திறவாது பக்கத்துளை வழியாகத் தோட்டாவை ஒவ்வொன்றாக இடவேண்டுமா என்பதே ஆராய்வோன் கேட்கவேண்டிய முதல் வினா. எழுத்துக்களைப் படிப்பது அதன் பின்னரே.

வெப்லியின் 0.455 அங்குலப் படைத் துப்பாக்கி ஆறு மாதிரிகளாக வெளிவந்தது. முதலாவது மேற்கூறிய 1887 ஆம் ஆண்டினது. இரண்டாவது 1895 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்கப்பட்டது; சுத்தியலும் பிடியின் வடிவமுஞ் சிறிது மாறின; உருளைக்குப் பின்னுள்ள முகப்பிற்குக் கடினமாக்கிய உருக்குத் தகடொன்று சேர்க்கப்பட்டது. மூன்றாவது 1897 ஆம் ஆண்டு ஒக்ரோபரினது. உருளையைப் பிணிக்கும் உறுப்புக்களில் மாற்றம் நிகழ்ந்ததன்றிப் புறத்தோற்றத்திற் பெரிய வேறுபாடில்லை. நான்காவது 1899 ஆம் ஆண்டு யூலை 21 இல் வந்தது. அதன் உருக்கு முன்னையவற்றினும் மேலானது. உருளை சுழலும் அச்சு குழலோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. ஐந்தாவது 1913 ஆம் ஆண்டு திசெம்பரினது. புகையற்ற வெடிமருந்தைத் தாங்கும் பொருட்டு அதன் உருளை 0.12 அங்குலம் அகலமாக்கப்பட்டது. ஆறாவது, முதலாம் உலகப்போர் நிகழுங்கால் 1915 ஆம் ஆண்டு மே 24 இல் ஏற்கப்பட்டது. முதல் ஐந்தின் பிடியும் பறவையின் அலகு போல் வளைந்தது. ஆறாவதன் பிடி அடியிற் சதுரமாக அகன்றது. முதல் ஐந்திற்கும் விதிப்படி குழல் 4 அங்குலம். ஆறாவதற்கு 6 அங்குலம்.

மாதிரியின் எண் குழலின் மேற்பட்டையின் இடப்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அது தேய்ந்து மறைந்தவிடத்துக் குழலின் நீளத்தை அளந்து முடிவுசெய்ய முயல்வோர் பலர். அது நம்பத்தக்க வழியன்று. 1915 ஆம் ஆண்டில் ஐந்தாம் மாதிரியிலே சிலவற்றிற்கு 5 அங்குலக் குழலும் 6 அங்குலக் குழலும் இடப்பட்டன. மேலும், குழல் கழற்றி மாற்றத்தக்கதோர் உறுப்பு. பிடியின் எலும்போ சட்டகத்தோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. அதனை எளிதில் மாற்றவியலாது. ஆகவே குழலினும் பிடியே சிறந்த சாட்சி. எனினும் அதிகாரிகள் தம் பணத்தில் வாங்கிய வெப்லி-கிறீன் துப்பாக்கிகளில் அகன்ற பிடி முன்னரே இருந்ததாகலின், பிடியொன்றையே கொண்டும் அமைதியடைதல் ஆகாது.

இவ்விடத்து நான்காம் மாதிரியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அதற்குப் 'போயர்ப் போர் மாதிரி' என்று சேகரிப்போர் பெயரிட்டு வழங்குவர். தென்னாபிரிக்கப் போர் 1899 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11 இல் தொடங்கியது. மாதிரி ஏற்கப்பட்டுப் போர் தொடங்குதற்கு இடைப்பட்ட காலம் மூன்று மாதமும் நிரம்பவில்லை. கப்பலேறிச் சென்ற படையினர் எல்லாரும் புதிய மாதிரியையே ஏந்தினர் என்பது எவ்வாறு பொருந்தும்? பழைய மாதிரிகளும் அப்போரிற் பயன்பட்டிருத்தல் வேண்டும். 1899 இற்குப் பின் செய்யப்பட்ட நான்காம் மாதிரிகளுள் அப்போரைக் காணாதவையும் இருத்தல் வேண்டும். பெயர் பொருளுக்குச் சான்றாகாது. அங்காடியிலோ இப்பெயர் ஒன்றே விலையை உயர்த்தப் போதுமானதாகி விடுகின்றது.

காலத்தைத் துணிவதனால் வருவது விலை மட்டுமன்று. சட்டமும் அதனையே பற்றி நிற்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கியைப் பழம்பொருளெனக் கொண்டு வேறாக வைக்கின்றது. ஆகவே வெப்லியின் மூன்றாம் மாதிரிக்கும் நான்காம் மாதிரிக்கும் இடையே அந்நாட்டுச் சட்டத்தின் எல்லைக்கோடு செல்கின்றது. புறத்தோற்றத்தில் உடன்பிறந்தார் போன்ற இரண்டு துப்பாக்கிகளுள் ஒன்று பழம்பொருள், மற்றொன்று படைக்கலம். அச்சு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றதா என்னும் நுட்பமான வேறுபாட்டைக் காணத் தவறியவன் சட்டத்தின் முன் நிற்க நேரிடலாம்.

இனி, மேற்கூறிய ஆறு மாதிரிகளும் தத்தம் நிலையிலேயே இறுதிவரை இருந்தனவெனின் ஆராய்ச்சி எளிதாயிருக்கும். அவை அவ்வாறிருக்கவில்லை. படைக்கலம் விலையுயர்ந்தது, அரசு அதனை எறிந்துவிடுவதில்லை, திருத்தித் திருத்திப் பயன்படுத்தும். முதல் மாதிரிகளுட் பல இரண்டாம் மாதிரியின் தகைமைக்கு உயர்த்தப்பட்டன. அவ்வுயர்வைக் காட்ட மாதிரியெண்ணின் பக்கத்தில் உடுக்குறியொன்று பொறித்தனர். முதலாம் உலகப்போரிற் கடற்படைக்குத் துப்பாக்கிகள் மிகுதியாக வேண்டப்பட்ட 1915 ஆம் ஆண்டில், முதல் இரண்டு மாதிரிகளையும் எடுத்து, அவற்றிற்கு நான்காம் மாதிரியின் குழலையும் ஐந்தாம் மாதிரியின் உருளையையும் பூட்டி, இரண்டு உடுக்குறி இட்டு வழங்கினர். இத்தகைய துப்பாக்கி ஒன்றின் சட்டகம் விக்ரோறியா அரசியாரின் காலத்தது. குழலின் அமைப்பு 1899 ஆம் ஆண்டினது. உருளையின் அமைப்பு 1913 ஆம் ஆண்டினது. மூன்றையும் ஒன்றாக்கிய கை 1915 ஆம் ஆண்டினது. இதன் காலம் யாது என்று ஒருவன் வினவினால், எந்த உறுப்பின் காலம், எந்த நிலையின் காலம் என்று திருப்பி வினவுவதே தக்க விடை. நூலோர் பின்பற்றும் விதியொன்று இங்கு உதவும்: பொருளொன்று இன்றுள்ள நிலையை எய்திய காலம், அதன் உறுப்புக்களுள் இறுதியாக வந்ததன் காலத்திற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. முதலில் வந்த உறுப்பு பிறப்பைக் கூறும். இறுதியில் வந்தது வாழ்வைக் கூறும்.

உறுப்புக்கள் ஒன்றோடொன்று பிறந்தவையா என்பதைத் தொடரிலக்கங் காட்டும். வெப்லி நிறுவனத்தார் அதனைச் சட்டகத்திலும் குழலிலும் உருளையிலுந் தனித்தனியே பொறித்தனர். மூன்றும் ஒத்திருப்பின் துப்பாக்கி பிறந்தவாறே உள்ளதெனலாம். ஒவ்வாவிடத்து யாதோ ஒரு காலத்தில் உறுப்பு மாறியுள்ளது. தொடரிலக்கத்தைத் தேடுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிடியின் முதுகுப் பட்டையில் எழுத்துக்களோடு கூடிய சிறிய எண்ணொன்று பல துப்பாக்கிகளிற் காணப்படும். அது படைப்பிரிவினர் தம் கொட்டிலில் எத்தனையாவது துப்பாக்கி என்பதைக் குறிக்க இட்டது. அதனைத் தொடரிலக்கமெனக் கொண்டு, தன் துப்பாக்கி உலகில் நாற்பத்திரண்டாவதாகச் செய்யப்பட்டதென்று மகிழ்பவரின் மகிழ்ச்சி நெடுநாள் நிலைப்பதில்லை.

பெயர்களும் அவ்வாறே மயக்குவன. மேற்பட்டையில் இலண்டன் நகரத்து வில்கின்சன் நிறுவனத்தின் பெயரோ, தரைப்படை கடற்படைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரோ இருக்கக் கூடும். வாள் செய்வதிற் புகழ்பெற்ற வில்கின்சன் தன் பெயரிட்டு விற்ற சுழல் துப்பாக்கிகளும் வெப்லியின் பட்டறையிற் பிறந்தவையே. கூட்டுறவுச் சங்கமோ அதிகாரிகளுக்கு வேண்டும் யாவற்றையும் விற்ற பெருங்கடை. செய்தவன் பெயர் வேறு, விற்றவன் பெயர் வேறு. ஆயினுஞ் செய்தவன் பெயர் கிடைத்துவிடின் அது காலத்தையுங் காட்டும். பி. வெப்லியும் மகனும் என்னும் நிறுவனம் 1897 ஆம் ஆண்டிற் பிற இரு நிறுவனங்களோடு கூடி வெப்லி-ஸ்கொட் எனப் பெயர் மாறியது. ஸ்கொட்டின் பெயரைத் தாங்கிய பொறிப்பு அவ்வாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது.

ஆறாம் மாதிரியின் சட்டகத்தில் வெப்லி, காப்புரிமைகள், 1917 என்றாற் போல மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காணப்படும். கோல்ற் துப்பாக்கியின் படிப்பினையைக் கற்றவன் இதனைக் கண்டதும் அது காப்புரிமை பெற்ற ஆண்டென்று தள்ளிவிடத் துணிவான். இங்கோ அது செய்யப்பட்ட ஆண்டே. ஒரு நாட்டின் வழக்கம் மற்றொரு நாட்டிற்குச் செல்லாது. போரின் பின் 1921 முதல் 1926 வரை இதே மாதிரியை என்பீல்ட் அரச தொழிற்சாலையுஞ் செய்தது. அவற்றில் முடியின் கீழ் என்பீல்ட் என்னும் பெயரும் ஆண்டும் உள.

சோதனை முத்திரைகள் இன்னொரு வகைச் சாட்சி. பேர்மிங்ஹாமிற் சோதனைச் சாலை 1813 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கு மிகுதியான மருந்திட்டுச் சுட்டுக் குழலும் உருளையுந் தாங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே முத்திரை இடுவர். 1904 ஆம் ஆண்டில் முத்திரைகள் மாறின. முடியின் கீழ் இரண்டிரண்டு எழுத்துக்களாக அமைந்தவை அவ்வாண்டு முதல் வந்தவை. அவற்றுள் ஒன்று புகையற்ற வெடிமருந்திற்கான சோதனையைக் குறிப்பது. அரசின் படைக்கலத்திற்கு இச்சோதனை வேண்டியதில்லை. படைப் பரிசோதகர் தம் முத்திரையே போதும். ஆகவே படைத் துப்பாக்கி ஒன்றிற் பேர்மிங்ஹாம் முத்திரை காணப்படுமாயின், அது படையை விட்டு நீங்கிக் குடிமக்கள் கைக்கு வந்த காலத்து இடப்பட்டதாகக் கருதலாம். இதனை உறுதிப்படுத்துவது அகன்ற அம்புக்குறி. அரசின் உடைமைக்கு ஓர் அம்பு. உடைமை நீங்கியதற்கு முனையொடு முனை பொருந்திய இரண்டு அம்புகள். அரசியல் வரலாற்றை அரசாணையிற் காண்பது போல ஒரு துப்பாக்கியின் ஊழியத் தொடக்கத்தையும் முடிவையும் இவ்வம்புகளிற் காணலாம்.

போலிச் செப்பேடுகளை ஆராய்ந்தோர்க்குப் பழகியதோர் இன்பம் இத்துறையிலும் உண்டு. இந்திய உபகண்டத்தின் வடமேற்கு எல்லையில், சிறப்பாகத் தறா ஆதம் கேல் என்னும் ஊரில், கைத்தொழிலாளர் பிரித்தானியத் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்துச் செய்தனர். வெப்லியும் அதற்குத் தப்பவில்லை. அவர்தம் கைவன்மை வியக்கத்தக்கது. எழுத்தறிவோ ஆங்கிலத்திற் குறைவு. அதனால் எழுத்துத் தலைகீழாயும் இடம்வலம் மாறியும் நிற்கும். சொற்களின் எழுத்துக்கள் பிறழும். 1901 ஆம் ஆண்டில் இறந்த விக்ரோறியா அரசியாரின் முதலெழுத்துக்களோடு அதற்குப் பிற்பட்ட ஆண்டு சேர்ந்திருக்கும். இறந்த அரசரின் ஆட்சியாண்டைக் கூறுஞ் சாசனத்தை ஏற்கும் அறிஞர் எவர்? இத்தகைய போலிகளைப் படைக்கலமாக இகழ்ந்தாலும், அவ்வெல்லைப்புற மக்களின் தொழில் வரலாற்றுக்கு அவை மெய்யான சான்றுகளே.

பிறிதோர் மயக்கம் உருவ ஒற்றுமையால் வருவது. முதலாம் உலகப்போரின் பின் பிரித்தானியப் படை 0.38 அங்குலச் சிறு துப்பாக்கியை நாடியது. வெப்லி நிறுவனம் ஒன்றை ஆக்கி அளித்தது. என்பீல்ட் தொழிற்சாலை அதனை ஒத்ததொன்றை ஆக்கியது. அதுவே 1932 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. வெப்லியார் இழப்பீடு கேட்டு 2,250 பவுண் கோரி, 1,250 பவுண் பெற்றனர். இருவரின் துப்பாக்கிகளையும் எட்ட நின்று பிரித்தறிதல் கடினம். என்பீல்டின் சட்டகத்திற் கழற்றத்தக்க பக்கத்தகடு உண்டு, வெப்லியில் இல்லை. என்பீல்டிலும் 1938 ஆம் ஆண்டிற் சுத்தியலின் கொம்பு நீக்கப்பட்டது. தாங்கியினுள் ஏறியிறங்கும் வீரரின் ஆடையிலும் உட்கருவிகளிலும் அது சிக்குவதே காரணமென்பர். முன்னர்ச் செய்தவற்றுட் பலவும் திருத்தத்திற்கு வந்தபோது அவ்வாறே வெட்டப்பட்டு உடுக்குறி பெற்றன. எனவே 1934 என்று பொறித்த கொம்பற்ற துப்பாக்கி போலியன்று. நான்கு ஆண்டோ அதற்கு மேலோ கழித்து மாற்றப்பட்ட மெய்ப்பொருள். போர்க்காலத்து வெப்லி 0.38 மீது 'போர்க்கால முடிப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் உள. புறத்தை மெருகிடாது விட்டதற்குத் தொழிற்சாலை கூறிய சமாதானம் அது. பிற்காலத்து இந்தியாவிற் கான்பூர்த் தொழிற்சாலை 0.32 அங்குலத் துப்பாக்கியை இதே வெப்லி வடிவிற் செய்தது. வடிவத்தை மட்டும் நோக்கி வயதைக் கூறுவது எத்துணைத் தவறு என்பதற்கு இதனினும் வேறு வேண்டுவதில்லை.

இச்சாட்சிகளை ஒருங்கு வைத்துத் தீர்ப்புக் கூறும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தாரிடம் வெப்லித் துப்பாக்கி ஒன்று உளது. மூத்தோர் ஒருவர் போயர்ப் போரில் ஏந்தியதென்று தலைமுறையாகக் கூறுவர். அதன் குழல் 6 அங்குலம், பிடி சதுரமானது, சட்டகத்தில் 1917 என உள்ளது. முனை கூடிய அம்பிணையும் முடியோடு கூடிய பேர்மிங்ஹாம் முத்திரைகளுங் காண்கின்றன. சட்டகமும் குழலும் ஒரே எண்ணின. உருளையின் எண் வேறு. உலோகம் புதிது போல் மினுங்குகின்றது. ஆயின் எழுத்துக்களின் விளிம்பு மழுங்கிச் சட்டகத்தின் கூரிய ஓரங்கள் உருண்டுள்ளன. இது நன்கு பேணப்பட்டதன் அடையாளமன்று. பிற்காலத்தில் உராய்ந்து மெருகிட்டு மீளக் கருநீலம் ஊட்டியதன் அடையாளம். துப்பாக்கி 1917 ஆம் ஆண்டிற் படைக்கெனச் செய்யப்பட்டது. பின்னர் உருளை மாறியது. பின்னர் அரசுடைமை நீங்கியது. போயர்ப் போர் 1902 ஆம் ஆண்டில் முடிந்தது. குடும்பத்தார் கூறுவது பொய்யெனத் துணிதலும் ஆகாது. மூத்தோர் அப்போருக்குச் சென்றிருக்கலாம். வேறொரு துப்பாக்கியை ஏந்தியிருக்கலாம். இதனைப் பின்னர் வாங்கியிருக்கலாம். இரண்டு மெய்கள் ஒரு பொருளின் மீது ஏறி ஒன்றாகிவிட்டன. துப்பாக்கி அவரின் போர்ச் சேவைக்குச் சான்றாகாது; படைப் பதிவேட்டிலேயே அதனைத் தேடல் வேண்டும்.

அவ்வுருளையின் பின்முகத்தையும் அளந்து பார்க்கவேண்டும். இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்காவில் வெப்லிகள் மலிவாக விற்கப்பட்டன, 0.455 தோட்டாவோ அங்கு அருமை. ஆகவே உருளையின் பின்முகத்தை அரைத்து, அந்நாட்டிற் பெருகக் கிடைத்த 0.45 அங்குலத் தன்னியக்கத் தோட்டாவை அரைவட்டத் தகட்டிற் கோத்து இடுமாறு மாற்றினர். அத்தோட்டாவின் அழுத்தம் வெப்லிக்கு உரியதினும் மிக்கது. பழைய உருக்கு அதனைத் தாங்குமென்று நம்புவது உயிரோடு விளையாடுதலாகும். இவ்வுருளை அரைக்கப்பட்டிருக்குமாயின் துப்பாக்கியின் வரலாற்றில் அமெரிக்காவும் ஓர் அதிகாரமாகச் சேரும். இவ்வாராய்ச்சிகளெல்லாவற்றிற்கும் முன்னதாக, குழலைத் தாழ்த்தி ஆறு அறைகளும் வெறுமையாயிருத்தலைக் கண்ணாற் கண்டுகொள்ளல் வேண்டும். நூறாண்டு உறங்கிய தோட்டாவும் வெடிப்பதுண்டு.